அச்சுக்குள் ஒரு வரலாறு

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டங்களில் மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில், வண்டிக்காரர் அச்சுக்கு மசகு இட்ட பிறகே மாட்டைப் பூட்டுவார். மசகு காய்ந்தால் வண்டி கிறீச்சிடும், அச்சும் தேயும். காரிலும் லோரியிலும் அந்தத் தேய்மானத்தைத் தடுப்பது பேரிங். அதன் வரலாற்றை அறிந்தால், அதை மாற்ற வேண்டிய வேளையும் விளங்கும்.

கனத்த மரத்தைத் தரையில் இழுப்பதைவிட, உருளைக் கட்டைகளின் மேல் தள்ளுவது எளிதல்லவா? பேரிங்கின் தத்துவமும் இதுவே. இத்தாலியில் நேமி ஏரியின் நீரை இறைத்தபோது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கப்பல்கள் வெளிப்பட்டன. அவற்றில் குண்டுகளின் மேல் சுழலும் மேடையின் பகுதிகள் கிடைத்தன. 1794ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழிலதிபர் பிலிப் வாகன், வண்டி அச்சில் குண்டுகளைப் பொருத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். 1869இல் பாரிஸ் நகரில் ஜூல்ஸ் சூரிரே என்பவர் மிதிவண்டிக்கு அதனைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ருவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றது, குண்டு பேரிங் பூட்டிய மிதிவண்டியில்தான்.

ஆனால் ஒரு குறை இருந்தது. குண்டுகள் ஒரே அளவாக இல்லாவிட்டால், பெரிய குண்டே பாரம் முழுவதையும் தாங்கிச் சிதையும். ஜெர்மனியின் ஸ்வைன்ஃபர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் 1883இல் அமைத்த இயந்திரம், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகக் கடைந்து தந்தது. அத்தொழில் அங்கே பெருகியது. இரண்டாம் உலகப் போரில், பேரிங் இல்லாவிட்டால் விமானமும் டாங்கியும் நின்றுவிடும் என்று கணக்கிட்ட அமெரிக்கர்கள், 1943இல் அந்நகரைக் குண்டு வீசித் தாக்கினர். அக்டோபர் 14ஆம் நாள் தாக்குதலில் மட்டும் அவர்களுடைய 60 விமானங்கள் வீழ்ந்தன. அந்தச் சிறு குண்டுகளுக்கு அத்தனை மதிப்பு!

இன்னொருவர் ஹென்றி டிம்கன். அமெரிக்காவில் குதிரை வண்டிகள் செய்தவர். வளைவில் திரும்பும்போது பாரம் பக்கவாட்டிலும் அழுத்துவதைக் கண்டு, ஒரு முனை சிறுத்த உருளைகளைக் கொண்ட பேரிங்குக்கு 1898இல் உரிமம் பெற்றார்.

நேயர்களே, அவர் கண்ட அந்த உண்மையே நமக்குச் சோதனை. பழுதான பேரிங் 'ஊம்' என்று இரையும். வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடும். இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்புறம் சாயும். அப்போது சத்தம் மிகுந்தால், பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்கே பழுது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜேக்கால் தூக்குங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'கடக் கடக்' என்கிறதா? சுழற்றினால் மணல் அரைபடுவதுபோல் இருக்கிறதா? பட்டறையில் காட்டுங்கள். அடைமழையில் நீரில் மூழ்கிய சக்கரத்தையும் சோதிப்பது நன்று. நீர் புகுந்தால் கிரீஸ் கெடும்.

பழைய வகையில் தளர்ச்சி மட்டும் இருந்தால், கழுவிப் புதிய கிரீஸ் இட்டு முறையாக இறுக்கலாம். உருளையிலோ வளையத்திலோ குழியோ நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால், உருளையையும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முழுதும் மூடிய புதிய வகைக்கு கிரீஸ் இட வழியில்லை, மாற்றுவதே முறை. இத்தனை மைலுக்கு ஒருமுறை என்று கணக்கு இல்லை. சத்தமும் ஆட்டமுமே கணக்கு.

பேரிங் இறுகிச் சிதைந்தால் சக்கரமே கழன்று போகலாம். வேலைக்காட்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லோரியானாலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வேனானாலும், சக்கரத்தின் இரைச்சலை முதலில் கேட்பவர்கள் உள்ளே அமர்ந்திருப்பவர்களே. கேட்டவுடன் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். ஓட்டுநர்களே, அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பேரிங்கை வாங்கிவிடலாம், போன உயிரை வாங்க முடியாது.