மலைநாட்டு நீரும் மின்சாரக் கணக்கும்

இலங்கையின் மலைநாட்டு ஓடைகள் நெடுங்காலம் தேயிலைக்குத் தொண்டு செய்துவந்தன. ஓடையை மறித்து, நீரைக் குழாய்வழி இறக்கி, அதன் விசையால் சக்கரத்தைச் சுழற்றித் தேயிலை அரைக்கும் இயந்திரங்களை ஓட்டிய தொழிற்சாலைகள் பல. ஆயினும் அந்தச் சக்கரத்தின் ஆற்றல் தொழிற்சாலைச் சுவரைத் தாண்டியதில்லை. சுழல்தண்டும் தோல்வாரும் எட்டும் தூரமே அதன் எல்லையாகும். அந்த எல்லையைக் கடக்க வைத்தது மின்சாரம். அஃது எவ்வாறு என்பதை அறிய, நேயர்கள் என்னோடு சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தார்க்கு இஃது எளிதே.

கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் குழாயில் ஓடும் நீருக்கு ஒப்பிடலாம். உயரத்தில் நிற்கும் நீரின் அழுத்தம் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட் என்னும் அலகால் அளக்கிறோம். பாயும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அதன் அலகு அம்பியர். குழாய் ஒடுங்கினால் நீரோட்டம் தடைப்படுவது போலவே, கம்பி மெலிந்தாலும் நீண்டாலும் மின்னோட்டம் தடைப்படும். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய கேயோர்க் ஓம் என்பவர் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவற்றின் தொடர்பை விளக்கினார். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் வருவது தடை. அதன் அலகுக்கு அவர் பெயரே வழங்குகிறது. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வருவது வலு. அதன் அலகு வாட். 230 வோல்ட் அழுத்தத்தில் 2 அம்பியர் இழுக்கும் ஓர் இஸ்திரிப்பெட்டியின் தடை 115 ஓம். வலு 460 வாட்.

இன்னொரு விதியும் உண்டு. கம்பியில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். ஓட்டத்தை அதே ஓட்டத்தால் பெருக்கி, வந்ததைத் தடையால் பெருக்கினால் அவ்விழப்பு தெரியும். ஆங்கிலேய அறிஞர் ஜூல் 1841இல் இதனை வெளியிட்டார். மலைநாட்டின் கதை இவ்விதியில்தான் அடங்கியிருக்கிறது.

காலியில் 1874இல் பிறந்த பொறியியலாளர் விமலசுரேந்திர, நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூலில் 1912இல் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். அது நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. மலையாறுகளின் வலு நாடு முழுமைக்கும் பயன்படும் என்று 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரையும் படைத்தார். 1924இல் தொடங்கிய லக்சபான வேலை இடையில் நின்றுபோயிற்று. நோட்டன் பிரிட்ஜில் கெசல்கமு ஓயாவை மறித்து, லக்சபானவில் மின்சாரம் பிறந்தது 1950இல்தான். முதற்கட்டத்தின் வலு 25,000 கிலோவாட். அது 66,000 வோல்ட் அழுத்தத்தில் கொழும்பை நோக்கிச் சென்றது.

இத்துணை அழுத்தம் எதற்கு? மாறுமின்னோட்டத்தின் நுட்பங்களை விடுத்து, எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். 1,000 கிலோவாட்டை, மொத்தம் 10 ஓம் தடையுள்ள கம்பியில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் 1,000 வோல்ட் என்றால் ஓட்டம் 1,000 அம்பியர். இழப்போ 10,000 கிலோவாட். அனுப்புவதைப் போல் பத்து மடங்கு! ஆகவே அது நடவாத காரியம். அழுத்தத்தை 66,000 வோல்ட்டாக உயர்த்தினால் ஓட்டம் ஏறத்தாழ 15 அம்பியராகக் குறையும். இழப்பு ஏறக்குறைய 2,300 வாட். நானூற்றில் ஒரு பங்குதான். மலையில் பிறந்த மின்சாரம் கொழும்பு சேர்ந்த வழி இதுவே.

ஆனால் அவ்வழியின் அடியிலேயே வாழ்ந்தவர்களின் நிலை வேறு. அட்டன், நோர்வூட் பகுதிகளில் கம்பிக் கோபுரங்கள் எழுந்த பின்னரும் லயத்து அறைகளில் குப்பி விளக்கே எரிந்தது. பல லயங்களுக்கு மின்விளக்கு வருவதற்குள் மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. மின்சாரம் போதாமையாலா? அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். அறைக்கு 40 வாட் விளக்கு ஒன்று. ஓர் இலட்சம் அறைகளுக்கு 4,000 கிலோவாட். லக்சபானவின் முதற்கட்ட வலுவில் இஃது ஆறில் ஒரு பங்கும் ஆகாது.

66,000 வோல்ட் கம்பியிலிருந்து நேரே விளக்கேற்ற முடியாது என்பது உண்மையே. அழுத்தத்தைத் தணிக்கும் மின்மாற்றிகள் வேண்டும். லயந்தோறும் கம்பமும் கம்பியும் வேண்டும். அச்செலவை ஏற்க ஒருவர் முன்வர வேண்டும். அதைக் கேட்டுப் பெற மக்களுக்கு வாக்கு வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்திருந்தன. அடுத்த ஆண்டிலேயே லக்சபான இயங்கத் தொடங்கிற்று.

விமலசுரேந்திர 1953இல் காலமானார். 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கத் தொடங்கிய 50,000 கிலோவாட் நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்பெருமை அவருக்குத் தகும். அந்த ஆறுகளின் கரையில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் பலர், ஓமின் விதியைக் குப்பி விளக்கொளியில் மனனஞ் செய்தே தேர்வெழுதினர். மலைநாட்டுப் பள்ளிகளில் இக்கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றையும் உடன் சேர்த்துச் சொல்லுதல் நன்று.