சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சோதனை: அமெரிக்கா, 1798



தரம் 11 பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புரட்சியைப் படிப்பிக்கும்போது, 1776 சுதந்திரப் பிரகடனம், 1783 சமாதான உடன்படிக்கை, முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். "அதுக்குப் பிறகு என்ன நடந்தது சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது மணி அடித்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு இன்று கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் தேடுவோம்.

1793இல் பிரான்சும் பிரித்தானியாவும் யுத்தத்தில் இறங்கின. அமெரிக்கா அப்போது கடன்பட்ட, கடற்படை இல்லாத ஒரு புதிய நாடு. சுதந்திரப் போரில் கைகொடுத்த பிரான்சுடன் 1778இல் செய்த நட்பு உடன்படிக்கை ஒரு பக்கம். நாட்டின் வருமானமோ பிரித்தானிய வியாபாரத்தில் கிடைத்த சுங்கவரியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1793 ஏப்ரல் 22 அன்று வொஷிங்டன் "நாம் எந்தப் பக்கமும் இல்லை" என்ற கருத்தில் நடுநிலைப் பிரகடனம் செய்தார்.

ஆனால் மக்கள் நடுநிலையாக இருக்கவில்லை. நிதிப் பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் ஹமில்டன் பிரித்தானியாவுடன் ஒத்துப்போக வேண்டும் என்றார். வெளிநாட்டு அலுவல்களைப் பார்த்த தோமஸ் ஜெபர்சனின் மனம் பிரான்சின் பக்கம் இருந்தது. வங்கி, கடன் போன்ற விடயங்களிலும் இருவருக்கும் பிணக்கு இருந்தது. இதிலிருந்துதான் பெடரலிஸ்ட், ரிபப்ளிக்கன் என்ற முதல் இரண்டு கட்சிகள் உருவாகின. (இன்றைய ரிபப்ளிக்கன் கட்சி வேறு.)

இதே யுத்தம் நமது தீவையும் தொட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒல்லாந்து பிரான்சின் கைக்குப் போனதும், பிரித்தானியர் 1795இல் திருகோணமலையையும் 1796இல் கொழும்பையும் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஐரோப்பாவில் இருவர் மோதியதில் நமக்கு ஆட்சியாளர் மாறினார்கள். அமெரிக்கர்கள் பயந்ததும் இப்படியொரு நிலைக்குத்தான்.

1794இல் ஜோன் ஜே பிரித்தானியாவுடன் ஓர் உடன்படிக்கை செய்துவந்தார். செனட் அதை 20க்கு 10 என்ற வாக்குகளால், தேவையான அளவுக்கு மட்டுமே ஏற்றுக்கொண்டது. ஊருக்கு ஊர் ஜேயின் கொடும்பாவியை எரித்தார்கள். பிரான்சுக்கும் கோபம். 1797 நடுப்பகுதிக்குள் 300க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்களைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள்.

அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஜோன் அடம்ஸ். சமாதானம் பேச மூன்று தூதுவர்களைப் பரிசுக்கு அனுப்பினார். பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் தலேரானின் ஆட்கள், பேச்சுவார்த்தை தொடங்கவே இலஞ்சமும் பெரிய கடனும் கேட்டார்கள். 1798 ஏப்ரலில் இது வெளியே வந்ததும் நாடு கொதித்தது. பிலடெல்பியா தெருக்களில் ஒரு கட்சியினர் தொப்பியில் கறுப்பு நாடாவும், மற்றவர்கள் பிரான்சின் மூவர்ண நாடாவும் அணிந்து கைகலந்தார்கள். நாடாவின் நிறத்தைப் பார்த்து அயலவனைத் துரோகி என்று முடிவுசெய்யும் காலம் அது.

அந்தச் சூட்டில் காங்கிரஸ் 1798 ஜூன், ஜூலையில் நான்கு சட்டங்களை நிறைவேற்றியது. பிரஜாவுரிமை பெற 5 வருடம் வசித்தால் போதும் என்றிருந்ததை 14 ஆக்கினார்கள். ஆபத்தானவர் என்று ஜனாதிபதி கருதும் வெளிநாட்டவரை விசாரணையின்றி நாடுகடத்தலாம் என்றார்கள். அரசாங்கத்துக்கு எதிராகப் பொய்யான, அவதூறான விடயங்களை எழுதினால் 2 வருடம் வரை சிறை, 2000 டொலர் வரை தண்டப்பணம். ஜனாதிபதியையும் காங்கிரஸையும் பாதுகாத்த இந்தச் சட்டம், உப ஜனாதிபதியை மட்டும் விட்டுவிட்டது. ஏனென்றால் அந்தப் பதவியில் இருந்தவர் எதிர்க்கட்சி ஜெபர்சன்!

யார் பிடிபட்டார்கள்? பிரெஞ்சு உளவாளிகளா? இல்லை. அயர்லாந்தில் பிறந்த காங்கிரஸ் உறுப்பினர் மெத்தியூ லயன், அடம்ஸை விமர்சித்து எழுதியதற்காக 4 மாதச் சிறையும் 1000 டொலர் தண்டமும் பெற்றார். பெஞ்சமின் பிராங்ளினின் பேரனான பத்திரிகையாசிரியர் பேச், வழக்கு முடியுமுன் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். நாடுகடத்தும் சட்டத்தில் ஒருவரையும் நாடுகடத்தவில்லை. ஆனாலும் பயத்திலேயே பிரெஞ்சுக்காரர் பலர் கப்பலேறிவிட்டார்கள். வெளியே இருந்த எதிரிக்காகச் செய்த சட்டம், உள்ளே இருந்த எதிர்க்கருத்துக்காரர் மீது பாய்ந்தது.

மக்கள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. லயன் சிறைக்குள் இருக்கும்போதே வெர்மொன்ட் வாக்காளர்கள் அவரை மீண்டும் காங்கிரஸுக்குத் தெரிவுசெய்தார்கள்.

அடம்ஸைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அந்தச் சட்டங்களில் கையெழுத்திட்டவர் அவரே. அந்தக் கறை போகாது. ஆனால் கடலில் பிரான்சுடன் சண்டை நடந்துகொண்டிருக்க, தன் கட்சியிலேயே பலர் முழு யுத்தம் கேட்க, 1799 பெப்ரவரியில் அவர் திரும்பவும் சமாதானத் தூது அனுப்பத் தீர்மானித்தார். யுத்தம் நீடித்திருந்தால் 1800 தேர்தலில் அவருக்கு வாக்கு கூடியிருக்கலாம். கட்சி உடைந்தது. 1800 செப்டெம்பர் 30 அன்று உடன்படிக்கை கைச்சாத்தானது. செய்தி கடல் தாண்டி வருவதற்குள் தேர்தலும் பெரும்பாலும் முடிந்திருந்தது. அடம்ஸ் தோற்றார். ஆனாலும் பிற்காலத்தில், பிரான்சுடனான சமாதானத்தின் பொறுப்பை ஏற்றவர் என்பதையே தன் கல்லறையில் எழுத விரும்புவதாகக் கடிதம் எழுதினார்.

1801 மார்ச் 4 அன்று ஜெபர்சன் பதவியேற்றார். எழுத்துக்குத் தண்டனை கொடுத்த சட்டம் அதற்கு முந்திய நாளே காலாவதியாகியிருந்தது. தண்டிக்கப்பட்டோருக்கு அவர் மன்னிப்பு வழங்கினார். ஆனால் நான்கில் ஒன்று, யுத்தகாலத்தில் எதிரி நாட்டவரைப் பிடித்துவைக்கும் சட்டம், இன்றும் உயிரோடு இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய, ஜேர்மன், இத்தாலியப் பிரஜைகள் மீதும், 2025இல் வெனிசுவேலா நாட்டவர் மீதும் அதைப் பயன்படுத்தினார்கள்.

பயத்தில் அவசரமாகச் செய்யும் சட்டம், பயம் தீர்ந்த பிறகும் மேசை லாச்சியில் கிடக்கும். யாருடைய கைக்கு அது போகும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறை ஒரு பிள்ளை "பிறகு என்ன சேர்?" என்று கேட்டால், மணி அடித்தாலும் பரவாயில்லை, இதையும் சொல்லிக்கொடுப்போம்.