ஸ்போர்ட்ஸ் காரில் மூன்றாவது ஆள்!

1961, மார்ச் மாதம். ஜெனீவாவில் ஒரு கார் அறிமுகமானது. ஜாகுவார் 'இ-டைப்'! நீண்ட மூக்கு, பதுங்கிய சிறுத்தை போன்ற உடம்பு. மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். உள்ளே எத்தனை சீட் தெரியுமா? இரண்டே இரண்டு! கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மூன்றாவதாக ஒரு குட்டி ஆள் வந்து சேர்ந்தால்..?

சேரத்தானே செய்யும்! 1966-ல் ஜாகுவார் அதே காரை 9 அங்குலம் நீட்டி, கூரையையும் சற்றே உயர்த்தி, பின்னால் இரண்டு குட்டி சீட்டுகளைத் திணித்தது. பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி மோவாயில் இடிக்கும். குழந்தைகளுக்குப் பரவாயில்லை.

ஆக, இடம் கிடைத்துவிட்டது. பாதுகாப்பு? அது தனிக்கதை!

அமெரிக்காவில் 1930-களிலேயே கார்களுக்கான குழந்தை சீட்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. குழந்தையின் உயிரைக் காக்க என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அது காருக்குள் அங்குமிங்கும் தவழ்ந்து டிரைவரைத் தொந்தரவு செய்யக்கூடாது, அவ்வளவுதான்! கார் மோதினால் என்னவாகும் என்பது அந்த சீட்டின் வேலையே இல்லை.

1959-ல் வால்வோவின் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட்டை உருவாக்கினார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால், பெரியவர்களின் உடம்புக்கு ஏற்றது. ஒரு வயதுக் குழந்தைக்குப் போட்டால் பட்டை கழுத்தில் அல்லவா மாட்டும்!

'அதற்கென்ன, அம்மா மடியில் பத்திரமாக இருக்குமே' என்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது. அப்போது 10 கிலோ குழந்தை, கிட்டத்தட்ட 140 கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கை அதைப் பிடித்து நிறுத்தும்?

இதற்கு விடை விண்வெளியிலிருந்து வந்தது! அமெரிக்காவின் 'ஜெமினி' விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்த நிலையில் இருப்பார்கள். கிளம்பும்போது ஏற்படும் பேரழுத்தத்தை முதுகு முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்வீடனின் பெர்ட்டில் ஆல்ட்மன் இதைக் கவனித்தார். குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலவீனம். அதையும் காரின் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்தால்? மோதலின் வேகத்தை முதுகு தாங்கிக்கொள்ளுமே! 1964-ல் அப்படியொரு சீட் வால்வோ காரில் சோதிக்கப்பட்டது.

சட்டம் மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. குழந்தை சீட்டைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் டென்னஸி. அதற்காகப் போராடியவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். 1978-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை... 'கையில் வைத்திருந்தாலும் சரி' என்று! அதை அடைக்க மேலும் மூன்று வருடங்கள் ஆயின.

பிறகு ஏர்பேக் வந்தது. பெரியவர்களின் உயிரைக் காத்த அதே பை, 1990-களில் அமெரிக்காவில் முன் சீட்டில் இருந்த சில பச்சிளம் குழந்தைகளைக் கொன்றது. பின்பக்கம் பார்க்கும் சீட்டின் முதுகு, டேஷ்போர்டை ஒட்டியே இருக்கும். பை வெடித்து விரிந்தால் முதல் அடி குழந்தையின் தலைக்குத்தான்! இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் காரில் குழந்தையைப் பின்னால் மாற்றவும் வழியில்லை. அதனால், அந்த மாதிரி கார்களில் ஏர்பேக்கை நிறுத்திவைக்க ஸ்விட்ச் பொருத்தலாம் என்று 1995-ல் அமெரிக்கா அனுமதித்தது.

சரி, பழைய இ-டைப்பை ஆசையாக வைத்திருக்கும் ஓர் ஆங்கிலேயத் தகப்பன், இன்று அதில் குழந்தை சீட் பொருத்தப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டை 'க்ளிக்' என்று மாட்டும் 'ஐசோஃபிக்ஸ்' கொக்கி இருக்காது. அது 1990-களின் சமாச்சாரம். பின் சீட்டில் பெல்ட்? புது கார்களில் அதைப் பொருத்தியே ஆகவேண்டும் என்று பிரிட்டன் சொன்னதே 1987-ல்தான். முன் சீட்டோ கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். குழந்தை சீட்டின் அகலமான அடிப்பாகம் அதில் படியாமல் ஆடும். பெல்ட்டின் நீளம் போதாமலும் போகலாம். தானே துளை போட்டு ஒரு பெல்ட்டை முடுக்கிவிடலாமே என்றால், கூடாது! மெல்லிய தகட்டில் முடுக்கிய போல்ட், அந்த 140 கிலோ இழுப்பில் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உறுதியான இடம் பார்த்து, பலகை கொடுத்து, விஷயம் தெரிந்தவர்தான் பொருத்த வேண்டும்.

பிரிட்டிஷ் சட்டம் இதில் கறாராக இருக்கிறது. பெல்ட்டே இல்லாமல் தயாரிக்கப்பட்ட பழைய காரில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றவே கூடாது. அதற்கு மேற்பட்டவர்கள் என்றால், பின் சீட்டில் மட்டும்.

கார் எத்தனை அழகாக இருந்தாலும் சரி, குட்டி நாற்காலியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? அன்றைக்கு இ-டைப் ஷெட்டிலேயே நிற்கட்டும். குழந்தை வேறு காரில் போகட்டும்!