மரக்காலும் சங்கமும்: கீழத்தஞ்சை தந்த பாடம்

காவிரியின் கடைமடைப் பகுதியான கீழத்தஞ்சையில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை, நிலத்தின் பெரும்பகுதி மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் குவிந்திருக்க, அதில் உழைத்தவர்கள் பண்ணையாட்களாகவே வாழ்ந்தனர். பண்ணையாள் என்பவர் குடும்பத்தோடு ஒரு பண்ணையில் பிணைக்கப்பட்டு, நெல்லாகக் கூலி பெற்றவர்; அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதால், சுரண்டலும் தீண்டாமையும் அங்கு ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்டிருந்தன. வேலைக்குப் பிந்தி வந்தவரைச் சவுக்கால் அடிப்பதும், சாணத்தைக் கரைத்த சாணிப்பாலைக் குடிக்கச் செய்வதும் வழக்கமான தண்டனைகளாக இருந்தன.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கம்யூனிஸ்டுத் தலைவர் பி. சீனிவாசராவ், 1943இல் இப்பகுதிக்கு வந்து, மன்னார்குடி வட்டத்துத் தென்பரையில் தொடங்கி ஊர்தோறும் விவசாயிகள் சங்கத்தைக் கட்டினார். உற்பத்திக் கருவிகள் சமூகத்தின் உடைமையாக வேண்டும் என்னும் சோசலிசக் கோட்பாடு, சேரிகளில் மிக எளிய கோரிக்கைகளாக உருக்கொண்டது: சவுக்கடி, சாணிப்பால் கூடாது, நெல் அளக்கும் மரக்கால் பண்ணையாரின் விருப்பப்படி அமையாமல் அரசு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அக்கொடுந்தண்டனைகளை விலக்கியது.

கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரியாக அறிவித்த ராஜாஜியின் அரசே, 1952இல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, குத்தகைச் சாகுபடியாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரு பங்கை உறுதி செய்ததோடு, பண்ணையாட்களை நினைத்தபடி வெளியேற்றுவதற்கும் தடை விதித்தது. ஒரு கருத்தின் வலிமை, அதை எதிர்ப்போரும் அதற்கு விடை கூறியாக வேண்டிய நிலையில்தான் வெளிப்படுகிறது.

ஆயினும் சட்டம் மட்டுமே காவலாகிவிடவில்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கக் கொடியின் கீழ் நின்ற கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். அந்தப் படுகொலைக்குப் பின்னரே 1969இல் நியாயக் கூலிச் சட்டமும், குடியிருந்த மனையை உழைப்பாளருக்கே உரிமையாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் பிறந்தன.

இன்று பண்ணையாள் முறை மறைந்துவிட்டது. ஆனால் பணிப் பாதுகாப்பின்றி ஒப்பந்தக் கூலிகளாக உழைப்போர் வயலிலும் ஆலையிலும் நகராட்சியிலும் பெருகியுள்ளனர். உழைப்பை அளக்கும் மரக்கால் உழைப்பவரைக் கேளாமலே செய்யப்படும் வரை, தென்பரையில் எழுந்த கேள்வி அரசியலின் மையக் கேள்வியாகவே நிற்கும்.