இனிஷியலில் இருக்கிற வீடு

எம்.எஸ். என்றால் யார் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. ஆனால், அந்த ரெண்டெழுத்துக்கு விரிவாக்கம் என்ன? சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம்! 'எம்' என்றால் மதுரை. 'எஸ்' என்றால் சண்முகவடிவு... அம்மாவின் பெயர். நாமெல்லாம் அப்பா பெயரைத்தான் இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். சுப்புலட்சுமிக்கு மட்டும் ஏன் அம்மா?

காரணம் இருக்கிறது. அவர் பிறந்தது தேவதாசி மரபில் வந்த குடும்பம். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். பெயரும் கலையும் அங்கே பெண்வழியாகத்தான் இறங்கி வந்தன. 1916 செப்டம்பர் 16-ல் பிறந்த குழந்தை வளர்ந்தது, மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடக்கூடிய மேல அனுமந்தராயன் கோயில் தெரு வீட்டில். அதன் முகப்பிலேயே ஒரு வீணை உருவம் உண்டு!

கிராமபோன் தட்டுகளைக் கேட்டு மயங்கிப்போன அந்தச் சிறுமி, காகிதத்தைக் குழாய் மாதிரி சுருட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பாடுவாளாம். பிற்காலத்தில் எம்.எஸ்ஸே சொன்னது இது. சுமார் பத்து வயதில் நிஜமாகவே இசைத்தட்டு வந்துவிட்டது. 1936-ல் மதுரையை விட்டுச் சென்னைக்குப் போனார். 1966-ல் ஐ.நா. சபையில் கச்சேரி, 1998-ல் பாரத ரத்னா... மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பட்டுப்புடவை, வைர மூக்குத்தி, சுப்ரபாதம் – நம் மனசில் இருக்கும் எம்.எஸ். இவர்தான். தப்பில்லை. ஆனால், இது பாதிக் கதை. மீதிப் பாதி மதுரை வீட்டில் இருக்கிறது. தேவதாசி முறைக்குத் தடை விதித்து 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான். ஆனால், அந்த முறையோடு சேர்த்து, சங்கீதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பெண்களையும் நாம் மறந்துபோனோம். அவர்கள் சாதகம் செய்த வீடு ஒன்றாவது நிற்க வேண்டாமா?

'வீட்டில் என்ன இருக்கிறது... பாட்டு இருக்கிறதே, போதாதா?' என்று கேட்கலாம். கொஞ்சம் லிவர்பூல் பக்கம் போய்ப் பாருங்கள். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி வளர்ந்தது, நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட சாதாரண வீடு. 1995-ல் 'நேஷனல் டிரஸ்ட்' அறக்கட்டளை அதை வாங்கியது. ஜான் லென்னன் வளர்ந்த வீட்டை அவர் மனைவி யோகோ ஓனோ 2002-ல் விலைக்கு வாங்கி, அதே அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். அரண்மனைகளைப் பாதுகாக்கிற அமைப்பு அது! இத்தனைச் சின்ன இடத்திலிருந்தா அத்தனை பெரிய பாட்டு வந்தது என்று பார்க்கிறவர்கள் வியக்க வேண்டும்... அதற்குத்தான் வீடு.

நம் பக்கம் காசியைப் பாருங்கள். இன்னொரு பாரத ரத்னா, ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் 2006-ல் மறைந்தார். 2020-ல், அவர் சாதகம் செய்த மாடி அறையை வணிகக் கட்டடம் எழுப்புவதற்காக இடிக்க ஆரம்பித்தது வேறு யாருமல்ல, அவர் குடும்பத்தாரே! கோபப்படாதீர்கள். ஒரு பெரிய குடும்பத்துக்கு அந்த வீடுதான் சொத்து. 'நினைவுச் சின்னம்' என்று கைதட்டிவிட்டுப் போகிறவர்கள் அதற்கு விலை கொடுப்பதில்லையே!

ஆக, முதல் தேவை பணம். உரியவருக்கு நியாயமான விலை. இது நடக்காத காரியமா? திருவல்லிக்கேணியில் பாரதி வாழ்ந்த வீட்டை அரசு வாங்கி நினைவில்லமாக்கியிருக்கிறது. கும்பகோணத்தில் கணிதமேதை ராமானுஜன் வீட்டுக்குள் இன்றும் நீங்கள் போய் நிற்கலாம்.

அடுத்தது கைத்திறன். பழைய வீட்டை இடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டிய மண்டபம் எழுப்பினால் அது நினைவில்லம் அல்ல, கல்யாண சத்திரம்! சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனாரும், நிலையும் கதவும் இழைக்கத் தெரிந்த தச்சரும் வேண்டும். ஆளா இல்லை? மதுரையிலிருந்து முன்னொரு காலத்தில் குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மரச் சிற்பக் கலை கள்ளக்குறிச்சியில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. 2021-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. கூப்பிட்டால் வருவார்கள்.

மூன்றாவது, உள்ளே என்ன வைப்பது? எம்.எஸ். படத்துக்கு மாலை போட்டால் மட்டும் போதாது. அக்கம்மாளின் வயலினையும் சண்முகவடிவின் வீணையையும் பற்றி அங்கே நாலு வரி எழுதி வையுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். தன் பெயருக்கு முன்னால் கடைசிவரை அம்மாவை வைத்திருந்தவர் அவர்!