நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

கோவண்டியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்க்கு ரயில் நிலையக் கடிகாரமே அன்றாட வாழ்வின் அளவுகோல். பம்பாயில் வந்துபோகும் ரயில்கள் ஒரு காலத்தில் சென்னை நேரத்தையே பின்பற்றின என்றால் நேயர்கள் வியக்கக்கூடும். ஊர் நேரத்திற்கும் ரயில் நேரத்திற்கும் இடையே ஏறத்தாழ அரைமணி வேறுபாடு இருந்தது. 1906இல் நாட்டிற்குப் பொது நேரம் வகுத்த பின்னரே இவ்வழக்கம் மறைந்தது. பம்பாய் நகரமோ அதன் பின்னும் நெடுநாள் தன் சொந்த நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அது வேறு கதை.

அந்தச் சென்னை நேரத்திற்கு மூலம் ஒரு தனிமனிதரின் ஆர்வமே. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி வானநூலில் பெரும் பற்றுடையவர். 1786இல் எழும்பூரில் இரும்பும் மரமும் கொண்டு தமக்கென ஒரு வானாராய்ச்சிக் கூடம் அமைத்தார். சோழமண்டலக் கரையின் அமைப்பைச் சரிவர அறியாமல் கப்பல்கள் இன்னலுற்ற காலம் அது. தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிப்பது இன்றியமையாததாயிற்று. 1789இல் பெட்ரி தம் கருவிகளை அரசுக்கு ஈந்தார். அவற்றைக் கொண்டு மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் நிலையான கூடம் எழுப்பினார்.

கருவி அணுவும் அசையலாகாது என்று அங்கே நிறுத்திய கருங்கல் தூண் 15 அடி உயரமும் சுமார் 10 டன் எடையும் உடையது. வானாராய்ச்சி 1899இல் கோடைக்கானலுக்குச் சென்றுவிட்டது. தூண் மட்டும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1792 என்னும் ஆண்டு பொறித்த அத்தூணில் லத்தீன், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுத்துக்கள் உள்ளன. ஆங்கிலேயரின் வள்ளன்மையால் ஆசியாவில் கணித சாஸ்திரம் முதன்முதல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிவதற்காகவாம்!

பெட்ரியின் கொடை போற்றத்தக்கதே. ஆயின் 'முதன்முதல்' என்பதை எவ்வாறு ஏற்பது? அதே நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஜெயசிங் மன்னர் தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் கோள்நோக்கும் கட்டடங்களை எழுப்பியிருந்தார். அவ்வளவு தொலைவும் செல்ல வேண்டுவதில்லை. இந்த நுங்கம்பாக்கக் கூடத்திலேயே பணியாற்றிய ஜான் வாரன், பின்னர்ப் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அவரிடம் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, 1825ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் கூறினார். தொடக்க நேரம் நான்கே நிமிடம் பிசகியது. முடிவு நேரத்தில் பிழை மிகுதி. கணக்கின் அடிப்படைத் தத்துவத்தை அவர் அறிந்திருக்கவில்லை என்றும் வாரன் மறையாது குறிக்கிறார். தலைமுறை தலைமுறையாக வந்த முறையை அப்படியே நெஞ்சில் சுமந்திருந்தார் அம்மனிதர். இச்செய்திகளைக் கூறும் வாரனின் 'கால சங்கலித' என்னும் நூல், தூண் நின்ற அதே சென்னையில், 1825இல் அச்சேறியது.