ஜிம்மி என்ற சிறுவனும் ஒரு வானொலி இரவும்



சில ஆண்டுகளுக்கு முன், என் மூன்றாம் ஆண்டு வகுப்பு மாணவி ஒருத்தி நீண்ட விடுப்புக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பினாள். தலையில் துணித்தொப்பி. அவளுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்தின் கடுமையால் முடி முழுதும் உதிர்ந்திருந்தது. ஓய்வு நேரத்தில் என் மேசையருகே வந்து, "டீச்சர், நான் திரும்பி வருவேன்னு நீங்க நெனச்சீங்களா?" என்று கேட்டாள். "கண்டிப்பா நெனச்சேன்மா" என்றேன். அது பொய். இந்நோய் வந்த குழந்தைகள் பிழைப்பதில்லை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அந்தப் பொய் உறுத்தியதால், இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் எண்ணம் ஒரு காலத்தில் முழு உண்மையாகவே இருந்தது. 1940களில் கடும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடும். விதிவிலக்கு இல்லை. வலியைத் தணித்து, அமைதியாக வழியனுப்புவதே மருத்துவரின் கடமை என்று கருதப்பட்டது.

இதனை ஏற்க மறுத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் சிட்னி ஃபார்பர். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் இந்நோய் தணிவதற்குப் பதில் விரைந்து பெருகுவதை அவர் கவனித்தார். அப்படியானால் அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து ஒன்று இருந்தால்? அதனை ஆக்கித் தந்தது லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கு ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றவர் அவர்.

அம்மருந்தின் பெயர் அமினோப்டெரின். உயிரணு பிரிந்து பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அமினோப்டெரின் அதே உருவில் உள்ளே நுழையும். ஆனால் வேலை செய்யாது. போலிச் சாவி பூட்டினுள் சிக்கிக்கொண்டு உண்மைச் சாவிக்கு இடம் விடாததைப் போன்றது இது என்று மாணவர்களுக்கு விளக்கலாம். மருந்து கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேர் தேறினர் என்று 1948 ஜூன் மாதம் ஃபார்பர் அறிவித்தார். வரலாற்றில் முதன்முறையாக இந்நோய் பின்வாங்கியது. ஆயினும், சில மாதங்களில் அது திரும்பி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் காலமானார். தம் மருந்து திறந்துவிட்ட பாதை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அவர் காணவில்லை.

மக்களிடம் சென்ற ஃபார்பர்

ஆய்வகம் மட்டும் போதாது, பணமும் மக்களின் குரலும் வேண்டும் என்பதை ஃபார்பர் உணர்ந்தார். 1948 மே 22ஆம் நாள் இரவு, அமெரிக்கா முழுவதும் ஒலிபரப்பான ஒரு வானொலி நிகழ்ச்சி பாஸ்டன் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த 12 வயதுச் சிறுவனோடு பேசியது. உண்மைப் பெயரை மறைத்து, "ஜிம்மி" என்றனர். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராக அவனது அறைக்குள் நுழைந்தனர். ஆட்டங்களைக் காண ஜிம்மிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்க உதவுங்கள் என்று நேயர்களிடம் வேண்டுகோள் விடப்பட்டது. இலக்கு 20,000 டாலர். வந்து சேர்ந்ததோ 2,31,000 டாலருக்கும் மேல்! அந்நிதியத்தின் பெயரிலேயே 1952இல் குழந்தைகளுக்கான புற்றுநோய் ஆய்வு, சிகிச்சைக் கட்டடம் எழுந்தது.

ஜிம்மி இறந்திருப்பான் என்றே பலரும் நம்பினர். 50 ஆண்டுகள் கழித்து, 1998இல், "நான்தான் அந்த ஜிம்மி" என்று ஒருவர் வெளிப்பட்டார். அவர் பெயர் ஐனார் குஸ்டாஃப்சன், லாரி ஓட்டுநர். அவருக்கு வந்தது இரத்தப் புற்றுநோயன்று, வயிற்றில் தோன்றிய நிணநீர்ப் புற்றுநோய். 2001இல் 65ஆம் வயதில் மறைந்தார்.

வாக்குறுதியும் உழைப்பும்

பின்னர் ஃபார்பரும் மேரி லாஸ்கர் என்ற அம்மையாரும் அரசாங்கத்தை நோக்கித் திரும்பினர். 1969 டிசம்பரில் அதிபர் நிக்சனை விளித்து நாளேட்டில் முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. 1971 டிசம்பர் 23இல் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் கையெழுத்தானது. ஆனால், 1976இல் நாட்டின் 200ஆம் ஆண்டு விழாவுக்குள் புற்றுநோயை வென்றுவிடலாம் என்று ஊட்டப்பட்ட நம்பிக்கை பொய்த்தது. நல்ல நோக்கமும் அளவுக்கு மீறி வாக்களித்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மெய்யான முன்னேற்றம் சிறுகச் சிறுகவே வந்தது. 1960களில் பல மருந்துகளை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் முறை உருவானது. அவற்றுள் ஒன்றான வின்கிறிஸ்டின் எதிலிருந்து எடுக்கப்படுகிறது தெரியுமா? நம் பள்ளித் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து! 1962இல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, இவ்வகை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பிழைத்தோர் 100க்கு 4 பேர். 1970களின் தொடக்கத்தில் அங்குச் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைத்தனர். இன்று வளர்ந்த நாடுகளில் 100க்கு ஏறக்குறைய 90 பேர்.

எனினும், எல்லாப் புற்றுநோய்க்கும் இந்நிலை வரவில்லை. கணையப் புற்றுநோய் கண்டோரில் ஐந்தாண்டு தாண்டி வாழ்வோர் அமெரிக்காவிலேயே 100க்கு 13 பேர் அளவில்தான். அது வயிற்றின் ஆழத்தில் ஒளிந்து வளர்வதால் காலங்கடந்தே தெரியவருகிறது. இன்னொரு துயரமும் உண்டு. பிழைத்தோர் குறைவாக இருப்பதால், மேடையேறித் தம் கதையைச் சொல்வோரும் குறைவு. குரல் குறைந்தால் கவனம் குறையும். கவனம் குறைந்தால் நிதியும் குறையும். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் ஊதா நிற ஆடை அணிந்து விழிப்புணர்வு ஊட்டுவோரில் பலர், உறவைப் பறிகொடுத்தவர்களே. பேச முடியாதவர்களுக்காக அவர்கள் பேசுகிறார்கள்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். ஜிம்மியின் கதை ஐந்தாவதாக ஒன்றைக் காட்டுகிறது: முகமறியாச் சிறுவனுக்காக அஞ்சலில் காசு அனுப்பிய மக்கள்.

என் மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு நாற்காலி காலியாகலாம். அப்போது, பெற்றோரே, ஆசிரியரே, குரலைத் தாழ்த்தி இரங்கிப் பேச வேண்டா. அந்தப் பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் வாசியுங்கள். பாடங்களை வீட்டுக்கு அனுப்புங்கள். திரும்பி வருவாள் என்று நம்புங்கள். இம்முறை அது பொய்யாக இராது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை